காய்ந்தே கிடந்த பேப்பர்

பேப்பர் காய்ந்திருந்தது. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

மூன்று மாதக் குட்டி காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருக்காது. நாய் வளர்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் ஹால் மூலையில் பழைய பேப்பர் நான்கை விரித்து, குட்டியை உள்ளே விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து திறந்தால் விரித்தது விரித்தபடி கிடக்கிறது. தரையைக் குனிந்து மோந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேறொருத்தியாக இருந்தால் சமத்துக் குட்டி என்று தூக்கிக் கொஞ்சியிருப்பாள். நான் தோள்பையைக்கூட இறக்காமல் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு அப்படி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டி உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். லைனில் வருகிற பாகத்தை அளந்து பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. கெட்ட பாகத்தைப் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆபரேட்டர் எழுதிவைக்கிற செக் ஷீட்டில் காலையிலிருந்து எல்லா அளவும் ஒரே மாதிரி அழகாக இருந்தால், அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நிஜமாக அளந்து எழுதினால் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஏறாமல் இறங்காமல் இருந்தால், யாரோ அளக்காமலே உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறார்கள். காய்ந்த பேப்பரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. இது ரொம்பச் சரியாக இருக்கிறதே!

குட்டியை என் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார். அவருக்கு இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டுகிற மில்லில் வேலை. மில் கேட்டுப் பக்கம் ஒரு நாட்டு நாய் குட்டி போட்டிருந்தது. லாரிகள் போகிற வழி. ஒரு சாயங்காலம் மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் இதை உட்கார வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். கண்டபடி திட்டினேன். அவர் குட்டியைக் காட்டிச் சிரித்தார். பெயர் வைப்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. குட்டி, குட்டி என்றே கூப்பிட்டோம்.

நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர் அக்கா தனியாக இருக்கிறார். குட்டி வந்த மறுநாளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"த பாரும்மா, ஒரு மாசம் பாப்பேன். ஊட்டுக்குள்ள போய் நாத்தம் அடிச்சுது, அதுவும் கெளம்பணும், நீங்களும் கெளம்பணும். அப்பால மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு பேசாம இருக்கக் கூடாது."

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அந்த அக்காவிடம் இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காத சங்கதிதான்.

ஒரு மாதத்துக்குள் பழக்கியாக வேண்டும். போனில் வீடியோக்கள் பார்த்தேன். தூங்கி எழுந்ததும் வெளியே தூக்கிப் போ, சாப்பிட்டு முடித்ததும் வெளியே தூக்கிப் போ, தினமும் ஒரே இடத்தில் விடு என்றார்கள். மாடிப்படி இறங்கி காம்பவுண்டு ஓரம் மண் தரையில் கொண்டுபோய் விடுவேன். "வெளிய", "உக்காரு", "வா" என்று மூன்று சொல் மட்டும் சொல்லிக் கொடுக்கலாம் என்று முடிவு. உக்காரு என்றால் தன் வாலைத் துரத்தும். வா என்றால் கட்டிலுக்கு அடியில் போகும். வெளியே அரை மணி நேரம் சும்மா சுற்றிவிட்டு, உள்ளே வந்து ஹால் நடுவில் காலை அகட்டும்.

நான் விடுவேனா? கிச்சன் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். எத்தனை மணி, எந்த இடம், உள்ளேயா வெளியேயா. வெளியே என்றால் நீலப் பேனா, உள்ளே என்றால் சிவப்பு. அவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாய்க்கு செக் ஷீட்டு போட்டுக்கினு கீறியே! நல்ல வேள, எனக்கு ஒண்ணு மாட்டாம வுட்டியே."

முதல் பத்து நாள் தாள் முழுக்கச் சிவப்பு. அதில் அவர் கணக்கும் சேர்த்தி. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு படியில் அவர் ஷூ சத்தம் கேட்டால் போதும், குட்டி தலைகால் புரியாமல் ஓடும், குதிக்கும், சந்தோஷம் தாங்காமல் அவர் காலடியிலேயே விட்டுவிடும். "பாத்தியா எனக்குக் கீற மரியாதைய" என்று அவர் ஈரக் காலோடு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருக்கித் துடைப்பது நான்தானே.

அந்த நாட்களில் நான் செய்த ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பொறுமை குறைவு. ஒரு நாள் குட்டியின் பிடரியைப் பிடித்து, அது விட்ட மூத்திரத்திலேயே மூக்கை வைத்துத் தேய்த்தேன். "வெக்கமா இல்ல உனக்கு? வெக்கங்கெட்ட ஜென்மம்!" என்று கத்தினேன். பழைய முறை அதுதானே, எல்லோரும் அப்படித்தானே பழக்குவார்கள் என்று நினைப்பு. பிறகும் இரண்டு மூன்று தடவை செய்தேன். கடைசித் தடவை மட்டும் அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வுடுமே அத! வேணும்னா போச்சு? பயத்துல போயிருக்கும்."

நாய் மூத்திரத்துக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியம். அதையும் மனதில் குறித்துவைத்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் வேறொன்றும் நடந்திருந்தது. வேலையிலிருந்து வந்தவர் பேன்ட்டைத் தானே துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. இன்னா புதுசா என்று கேட்டேன். மில்லுப் பக்கம் மழை, நனைந்துவிட்டது என்றார். என் கம்பெனிக்கும் அவர் மில்லுக்கும் நடுவில் மூன்று தெருதான். என் தலையில் ஒரு சொட்டு விழவில்லை.

அதற்கும் முந்தின வாரம், ராத்திரிச் சாப்பாட்டின்போது, மில்லில் ஒரு விபத்து என்று சொன்னார். சிவக்கச் சிவக்க ஓடுகிற கம்பி பாதையை விட்டுத் தாவி, பக்கத்தில் நின்றவர் தொடையில் பட்டுவிட்டதாம்.

"ஐயோ! உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனக்கு இன்னா? நான் ரெண்டடி தள்ளி நின்னேன். ரசம் ஊத்து."

கை, கால், முதுகு எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சரி, நல்லபடியாக இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷன்காரி பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

பேப்பர் காய ஆரம்பித்தது இதற்கெல்லாம் பிறகு. ஒரு நாள் காய்ந்தது, இரண்டு நாள் காய்ந்தது, ஒரு வாரம் காய்ந்தது. கிச்சன் கதவுத் தாளில் பகல் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பூட்டிய என் வீட்டுக்குள் பகலில் யார் வந்து போகிறார்கள்?

முதலில் ஹவுஸ் ஓனர் அக்காவைத்தான் நினைத்தேன். சாவி அவரிடம் இருக்கிறது. எங்களைக் காலி பண்ண வைக்கச் சாக்குத் தேடி மேலே வந்து அலசுகிறார், வந்த இடத்தில் குட்டியைக் கீழே விட்டுக் கொண்டுவருகிறார் என்று கணக்குப் போட்டேன். நேரே கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் அல்லவா? தண்ணீர் மோட்டார் போடச் சொல்கிற சாக்கில் கீழே போனேன்.

"ஏங்க்கா, பகல்ல குட்டி கத்தி பேஜாரு பண்ணுதா?"

"இல்லியே. நல்லாத்தான் பழக்கிக்கினு வர்றீங்க" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது வாசல்படிக்கு உள்பக்கம் கோலமாவை மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் பூட்டினேன். யார் கால் வைத்தாலும் தடம் விழும். அன்று லைனில் பாகங்களை அளந்துகொண்டிருந்தேனே தவிர, நினைப்பெல்லாம் அந்தக் கோட்டில்தான். சாயங்காலம் ஓடிவந்து திறந்தேன். தடமும் இல்லை, கோடும் இல்லை. தரையை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். துடைக்கிற துணி பாத்ரூம் கம்பியில் ஈரமாகத் தொங்கியது. எந்தத் திருடன் வந்து வீட்டைத் துடைத்துவிட்டுப் போவான்?

கிச்சனில் பார்த்தேன். நான் கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைப்பேன். ஒரு டம்ளர் நிமிர்ந்திருந்தது. உள்ளே அடியில் ஒரு சொட்டு டீ.

அன்றோடு அக்காவை விட்டேன். அந்த அம்மா தன் வீட்டையே துடைக்க மாட்டார். துடைக்கிறவள், டீ போட்டுக் குடிக்கிறவள், குட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போகிறவள், சாவி வைத்திருக்கிறவள். யாரோ ஒருத்தி. அவளுக்குச் சாவி கொடுத்தது யார்? அக்காவிடம் இருப்பதை விட்டால் மீதி இரண்டே சாவி, என்னுடையதும் இவருடையதும்.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கே பொருந்தியது. ஆறே முக்காலுக்கு இவர் படியேறி வருகிறார், குட்டி ஓடுவதில்லை. படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. நான் வந்தால் மட்டும் வீடே இரண்டு படுகிறது. ஹெல்மெட்டில் வைத்துத் தூக்கிவந்த மனிதர்மேல் குட்டிக்கு ஆசை விட்டுப்போய்விட்டது. எவளோ பகலெல்லாம் சோறு போட்டு வளைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குட்டி காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. சும்மா இரு என்று சொல்லவும் மறந்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினேன். பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி காட்டினேன், உட்கார்ந்தது. இரண்டு விரலை மடக்கினேன், எழுந்து வந்தது. இது மில் பாஷை. கம்பி ஓடுகிற சத்தத்தில் பேச்சு காதில் விழாது, அவர்களுக்கு எல்லாம் கையில்தான். கல்யாணமான புதிதில் எனக்கே சொல்லிக்கொடுத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறார்.

"குட்டிக்கு இதெல்லாம் எப்ப கத்துக் குடுத்த?"

"சாயங்காலம்தான். நீ சமையல்ல இருப்பியே, அப்ப."

சாயங்காலம் இவர் டிவி முன்னால் அல்லவா இருப்பார்! நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு துணியைக் காயப்போட்டேன். மறுநாளிலிருந்து, இன்றைக்கு மில்லில் இன்னா சாப்பாடு என்று தினமும் கேட்க ஆரம்பித்தேன். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வரும். சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம் நமுத்துப்போச்சு. மேஸ்திரி யாரைத் திட்டினார், எந்த மோட்டார் நின்றது, எல்லாம் வரிசையாக. முன்பெல்லாம் வேலையைப் பற்றிக் கேட்டால், "அத வுடு" என்பார். ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி பதில். சகலமும் அளக்காமல் எழுதியது.

ஆக, இவர் பகலில் வீட்டுக்கு வருகிறார். ஒருத்தியோடு வருகிறார். நான் அந்த இரண்டையும் சேர்த்தே முடிவு கட்டிவிட்டேன்.

புதன்கிழமை பல்வலி என்று பொய் சொல்லி கேட் பாஸ் வாங்கினேன். ஒன்பது வருடத்தில் முதல் பொய். பதினொன்றரைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். உட்கார்ந்திருந்தேனே தவிர கால் ஆடிக்கொண்டே இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தால் இன்னா கேட்பது, அவள் முடியைப் பிடிப்பதா வேண்டாமா என்பதுவரை யோசித்துவிட்டேன். அழுகையும் வந்தது. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் படியேறினேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் ஒருக்களித்திருந்தது. பார்த்தேன்.

யூனிஃபார்ம் சட்டை நாற்காலியில் மடித்து வைத்திருக்கிறது. இவர் லுங்கியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே குட்டி. உள்ளங்கையைக் காட்டுகிறார், உட்காருகிறது. ஒரு பொறை ரொட்டித் துண்டைக் கொடுத்துத் தலையைத் தடவுகிறார். "அவ்ளோதான். பயப்படக் கூடாது. ஒண்ணும் ஆவாது" என்று மெதுவாகச் சொல்கிறார்.

கதவைத் தட்டினேன். திறந்தவர் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரைத் தள்ளிவிட்டு நேரே பாத்ரூமைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன்.

"எங்கய்யா அவ?"

"எவமே?"

"தொடைக்கிறவ! டீ குடிக்கிறவ! சாவி குடுத்து வெச்சியே, அவ!"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்மே. நான் ஒருத்தன்தான். பதினேழு நாளா வேலைக்குப் போவல."

மில் கேட்டு வரைக்கும் போகிறாராம். உள்ளே கம்பி ஓடுகிற சத்தம் கேட்டால் கால் நகர மாட்டேன் என்கிறதாம். மஞ்சள் காமாலை என்று மில்லில் சொல்லிவைத்திருக்கிறார். நான் கம்பெனி பஸ் ஏறும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம். சாயங்காலம் நான் வருவதற்குள் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கி, ஆறே முக்காலுக்கு வேலை விட்டு வருகிறவர்போல் படியேறுவாராம்.

"அவனுக்கு அடிபட்ட எடத்துல நான்தான் நின்னுக்கினு இருந்தேன். தண்ணி குடிக்க ரெண்டடி தள்ளிப் போனேன், அவன் வந்து நின்னான். அப்புறமும் ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கினு போனேன்மே. ஒரு நாளு கம்பி செவப்பா வந்துது பாரு... நின்ன எடத்துலயே மூத்திரம் போயிட்டேன்."

பேன்ட் கொடியில் தொங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. மழை என்றாரே.

"இத என்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா? நான் யாரு உனக்கு?" என்று கத்தினேன். கத்தத்தான் தெரிகிறது எனக்கு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் வந்து படுத்த குட்டியின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லணும்னுதான் வந்தேன். நீ இத்த புடிச்சு மூக்கத் தேச்சுக்கினு இருந்த. வெக்கமா இல்லன்னு கேட்டுக்கினு இருந்த. எப்படிமே சொல்லுவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லி முடியாத வெட்கம். ஊரில் இல்லாத ஒருத்தியை இத்தனை நாள் தேடினேன். பயந்துபோன மனிதன் தினமும் எதிரே உட்கார்ந்து ரசம் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குட்டி இரண்டு பேர் கையையும் மாறி மாறி நக்கியது. கோலமாவை ஏன் துடைத்தாய் என்று கேட்டேன். எறும்பு மருந்து என்று நினைத்தாராம், குட்டி நக்கிவிடப் போகிறதே என்று துடைத்தாராம்.

அன்று மாலை கீழே போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவரு பகல்ல ஊட்ல கீறாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம? டெய்லி குட்டிய தூக்கிக்கினு நாலு வாட்டி எறங்குறாரே. நைட் ஷிப்ட்டு போலன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா."

கேட்கவில்லையே. அக்காமேலும்தான் அப்போது எனக்குச் சந்தேகம்.

மில்லுக்கு நானும் கூடப் போனேன். இன்ஜினியரிடம் நானே பேசினேன். காமாலை என்று மழுப்பவில்லை, பயம் என்றே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் லாரி எடை போடுகிற இடத்தில் ஆள் தேவைப்பட்டது. கம்பி ஓடுகிற ஷெட்டுக்கும் அதற்கும் நல்ல தூரம். சத்தம் லேசாகத்தான் கேட்குமாம். போய்ப் பார்க்கிறேன் என்றார் இவர். பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை போனார்.

அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய புத்தி சும்மா இருக்குமா? நிஜமாக உள்ளே போனாரா, டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டாரா? போன் போட்டால் ஏதாவது ஒரு பதில் வரும், அதை எப்படி நம்புவது? போன் போடவில்லை. மத்தியானம் குட்டியைக் கீழே விட்டுவர அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு வந்து திறந்தேன். பேப்பர் ஈரமாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஈரம்! அதைச் சுருட்டிப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஆறே முக்காலுக்குப் படியில் ஷூ சத்தம்.

குட்டி காதைத் தூக்கியது. ஒரே ஓட்டம். கதவைத் திறந்தேனோ இல்லையோ, அவர்மேல் பாய்ந்து, குதித்து, ஊளையிட்டு, தலைகால் புரியாமல் சுற்றி, அவர் காலடியிலேயே விட்டது. ஹால் தரை முழுக்க ஓடியது. அவர் ஈரக் காலோடு நின்று என்னைப் பார்த்தார். இன்னா சாப்பாடு, யார் திட்டினார்கள் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "இன்னாம்மா அங்க சத்தம்? ஊட்டுக்குள்ள போயிடுச்சா?"

"ஆமாக்கா, போயிடுச்சு. அவரு வேலைலேர்ந்து வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, துடைக்கிற துணியை எடுக்கப் போனேன்.